மார்ச் மாதத்துப் புத்தகங்கள்

பல்கலைக்கழக நூலகத்தில் என்னென்ன புத்தகம் இருக்க வேண்டும் என்பதைப் பேராசிரியர்கள் முடிவு செய்கிறார்கள் என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை மார்ச் மாதமும் டாலர் விலையும் சேர்ந்து முடிவு செய்யும். நூல் கொள்முதல் பிரிவில் பாதிக் காலமும் பருவ இதழ்ப் பிரிவில் பாதிக் காலமுமாக என் உத்தியோகத்தைக் கழித்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். இன்றைக்கும் ஏதாவது ஒரு நூலக அலமாரி முன்னால் நின்றால், புத்தகத்தின் பெயர் கண்ணில் படுவதற்கு முன் அது வாங்கப்பட்ட வருஷத்து நிதிநிலைதான் எனக்குத் தெரிகிறது.

1980களின் நடுவில் தென் மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். நூலக அறிவியல் படித்த எங்கள் எல்லோருக்கும் ரங்கநாதன்தான் மூலவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராக வந்த கணக்கு ஆசிரியர். 1931இல் நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டவர். அவற்றில் நான்காவது, வாசகரின் நேரத்தை வீணடிக்காதே என்கிறது. தேர்வில் அதைப் பத்து மதிப்பெண்ணுக்கு விளக்கிவிட்டு வந்த எனக்கு, கேட்ட புத்தகம் கேட்டவர் கைக்குப் போய்ச் சேர எட்டு மாதம் ஆவது சாதாரணம் என்பது சீக்கிரமே பழகிப்போனது.

எட்டு மாதம் எப்படி ஆகும் என்று கேட்பீர்கள். பேராசிரியர் ஒரு பரிந்துரைச் சீட்டு எழுதுவார். எழுதியவர் பெயர் பாதி இருக்கும், பதிப்பகம் இருக்காது, விலை நிச்சயமாக இருக்காது. துறைத்தலைவர் கையெழுத்தோடு அது எங்களிடம் வரும். அந்தப் புத்தகம் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டலாக் அட்டைகளில் பார்ப்போம். பிறகு ஆர்டர் போட்டும் வராமல் கிடக்கும் சீட்டுக் கட்டில் பார்ப்போம். அதற்கப்புறம் ‘புக்ஸ் இன் பிரிண்ட்’ என்ற தடித்தடியான தொகுதிகளை இறக்கி வைத்து, சரியான பெயரும் பதிப்பும் விலையும் கண்டுபிடித்து எழுதுவோம். பட்டியல் தட்டச்சாகும். நூலகக் குழு கூட வேண்டும். குழு உறுப்பினர்கள் ஒரே நாளில் ஊரில் இருக்க வேண்டும். பிறகு ஃபைல் நிதிப் பிரிவுக்குப் போகும், ஒரு கேள்வியோடு திரும்பும், பதிலோடு மறுபடி போகும். கடைசியில் சென்னை மவுண்ட் ரோட்டுக்கோ டெல்லி தரியாகஞ்சுக்கோ சப்ளை ஆர்டர் கிளம்பும். புத்தகம் இந்தியாவில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் கப்பலில் வர வேண்டும். இதற்குள் அந்தப் பாடத்தை நடத்திய பேராசிரியர் செமஸ்டரையே முடித்திருப்பார்.

புத்தகம் வந்துவிட்டால் மட்டும் வேலை முடியாது. பில்லோடு விலைச் சான்று வேண்டும், அதாவது பதிப்பகத்தின் விலைப்பட்டியல் பக்கத்தின் நகல். பத்து சதவீதக் கழிவு சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். டாலரையும் பவுண்டையும் ரூபாயாக மாற்றிய விகிதத்தைச் சரிபார்க்க வேண்டும். இந்த விகிதத்தில்தான் எங்கள் வாழ்க்கையின் பெரும் சண்டைகள் நடந்தன. புத்தக வியாபாரத்துக்கென்று ‘குட் ஆபீசஸ் கமிட்டி’ என ஓர் அமைப்பு தனி மாற்று விகிதம் அறிவிக்கும். இறக்குமதிச் செலவு, வங்கிக் கட்டணம் எல்லாம் சேர்த்து அது வங்கி விகிதத்தைவிடக் கூடுதலாக இருக்கும். நாட்டிலுள்ள பெரும்பாலான நூலகங்கள் அதைத்தான் ஏற்றன. உள்ளாட்சி நிதித் தணிக்கையிலிருந்து வருகிறவர்களுக்கு இது வருஷா வருஷம் புதிய செய்தி.

“ஏம்மா, பேங்க்ல டாலரு இந்த ரேட்டுக்குத்தானே குடுக்கிறான்? நீங்க ஏன் கூடக் குடுத்தீங்க?”

“சார், இது புக் டிரேடுக்குன்னு தனி ரேட்டு சார். இந்தியா முழுக்க இதுதான்.”

“இந்தியா முழுக்கத் தப்புப் பண்ணா நாமளும் பண்ணணுமா?”

அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. தணிக்கைத் தடை எழுதப்படும். நாங்கள் சுற்றறிக்கை நகலை இணைத்துப் பதில் எழுதுவோம். அடுத்த வருஷம் வேறொருவர் வந்து அதே கேள்வியைக் கேட்பார்.

பில் பாஸாக வேண்டுமென்றால் புத்தகம் முதலில் அக்சஷன் ரெஜிஸ்டரில் ஏற வேண்டும். ஏறின பிறகு அது எங்கள் அட்டெண்டர் அண்ணனின் கைக்குப் போகும். தலைப்புப் பக்கத்தில் ஒரு முத்திரை, அதன் பின்பக்கம் ஒன்று, கடைசிப் பக்கம் ஒன்று, இவை தவிர ரகசியப் பக்கத்தில் ஒன்று. ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு ரகசியப் பக்கம் உண்டு. முன்பக்கங்களைக் கிழித்துவிட்டுத் தன்னுடையது என்று யாராவது சாதித்தால், அந்தப் பக்க எண்ணைத் திருப்பிக் காட்டினால் வாய் அடைந்துவிடும். அண்ணன் ஊதா மைப்பட்டையில் முத்திரையை ஒரு தடவை ஒற்றி, பழைய செய்தித்தாளில் ஒரு தடவை குத்திப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தில் வைப்பார். முதல் குத்து மை கொட்டும் என்பது அவர் சித்தாந்தம். வெளிநாட்டுப் புத்தகத்தின் வழவழப்பான தாளில் மை காய நேரம் எடுக்கும் என்பதால் பக்கங்களுக்கு நடுவே தாள் துண்டு செருகி விசிறி மாதிரி விரித்து வைத்திருப்பார். கேட்டால், “அவசரப்படாதீங்கம்மா, எட்டு மாசம் காத்திருந்தவருக்கு எட்டு நிமிசம் பெருசா?” என்பார்.

இப்போது மார்ச்சுக்கு வருகிறேன். யூ.ஜி.சி.யின் ஐந்தாண்டுத் திட்ட மானியம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலும் வருஷத்தின் கடைசியில் வரும். மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பாவிட்டால் அடுத்த தவணைக்கு ஆபத்து. வருஷம் முழுக்க நூறு ரூபாய்ப் புத்தகத்துக்குக் கணக்குக் கேட்ட அதே நிதிப் பிரிவு, “இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கு? சீக்கிரம் முடிங்க” என்று போன் செய்யும். கப்பலில் வரவழைக்க நேரம் கிடையாது. அதனால் புத்தகக் கம்பெனிப் பிரதிநிதிகளுக்கு ஆள் போகும். அவர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து வராந்தாவில் மேசை போட்டுக் கண்காட்சி வைப்பார்கள். பேராசிரியர்கள் வகுப்புக்கு நடுவில் வந்து, பிடித்த புத்தகத்தில் பெயரெழுதிய சீட்டைச் செருகிவிட்டுப் போவார்கள்.

பார்ப்பதற்குத் திருவிழாதான். ஆனால் அந்தப் பெட்டிகளில் என்ன இருக்கும்? கிடங்கில் விற்காமல் நின்றவை இருக்கும். விற்கும் புத்தகத்தை அவர்கள் ஏன் எங்கள் மார்ச் வரை வைத்திருக்கப் போகிறார்கள்? எங்கள் அலமாரியில் ஒரே பாடத்துக்கு நான்கு அறிமுக நூல்கள் இருந்தன. அந்த நான்கையும் படித்தவர் அடுத்துத் தேடும் ஐந்தாவது நூல் இருக்காது. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். பணம் நிறைய மிஞ்சினால் பெரிய விலைக் கையேடுகளும் கலைக்களஞ்சியங்களும் வாங்கப்படும். நூறு சின்னப் புத்தகங்களைப் பதிவேட்டில் ஏற்றுவதைவிட ஒரு பெரிய தொகுதியை ஏற்றுவது எல்லோருக்கும் சௌகரியம். இன்றும் பல நூலகங்களில் தூசி படிந்து, முதுகு மடங்காமல், புத்தம் புதிதாக நிற்கும் பெரிய தொகுதிகளின் அக்சஷன் தேதியைப் பாருங்கள். மார்ச் கடைசி வாரமாக இருக்கும்.

மாணவர்கள் உண்மையில் கிழியக் கிழியப் படித்தது வேறு புத்தகங்களை. பிரிட்டிஷ் அரசின் உதவியோடு மலிவாக வந்த ஈ.எல்.பி.எஸ். பதிப்புகள், மாஸ்கோவின் மீர் பதிப்பகக் கணித, இயற்பியல் நூல்கள். மீர் புத்தகங்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்காரர்கள் நம்ப முடியாத விலைக்கு விற்றார்கள். கெட்டி அட்டை, சில ரூபாய்தான். பலரும் நூலகத்துக்கு வருவதை விட்டுச் சொந்தமாகவே வாங்கிவிட்டார்கள். தொண்ணூறுகளில் இரண்டு வரத்தும் நின்றுபோயின.

தமிழ்ப் புத்தகம் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்றால் சிரிப்பீர்கள். அறுபது டாலர் புத்தகத்துக்கு என்ன ஃபைலோ அதே ஃபைல்தான் அறுபது ரூபாய்ப் புத்தகத்துக்கும். சிறு பதிப்பாளர் ஒருவர் மூன்று பிரதி பில், முத்திரைத்தாள் உறுதி, முன்பணமில்லாத சப்ளை என்று எங்கள் நிபந்தனைகளைப் படித்துவிட்டு, “அம்மா, புத்தகத்தை அன்பளிப்பாவே வச்சுக்குங்க, பில் மட்டும் கேட்காதீங்க” என்று கடிதம் எழுதினார். சிற்றிதழ்களின் கதை இன்னும் விசேஷம். ஆண்டுச் சந்தாவை மணியார்டரில் அனுப்புவோம். மூன்று இதழ் வரும். நான்காவது வராது, ஆசிரியர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார், அல்லது கையில் காசு தீர்ந்திருக்கும். மீதி இதழ்களுக்கான தொகையை வசூலித்துவிட்டீர்களா என்று தணிக்கை கேட்கும். இந்தத் தொல்லைக்குப் பயந்தே சிற்றிதழ் வாங்குவதை நிறுத்திய நூலகங்கள் உண்டு. இதில் எனக்குத் தீராத வருத்தம் ஒன்று. 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், இந்தியாவுக்குக் கோதுமை விற்றதில் சேர்ந்த பி.எல்.480 ரூபாய்ப் பணத்தைக் கொண்டு இங்கே வெளியான நூல்களைத் தமிழ் உட்படப் பல மொழிகளிலும் வாங்கி அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. அறுபதுகளில் பக்கத்து ஊரில் அச்சான நாவலைத் தேடி எங்களிடம் வந்த ஆய்வு மாணவி ஒருத்திக்கு, அது சிகாகோவில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். நம் ஊர்ப் புத்தகம் அங்கே போனதில் குறையில்லை. இங்கே ஒரு பிரதி வாங்க நமக்கு ஃபைல் நகரவில்லை என்பதுதான் குறை.

பருவ இதழ்ப் பிரிவுக்கு மாறிய பிறகு உலகமே வேறாகிவிட்டது. புத்தகம் வந்த பிறகுதான் பணம். இதழ்களுக்கு ஒரு வருஷப் பணத்தையும் முன்னாலேயே கட்ட வேண்டும். அடுத்த ஜனவரிக்கான சந்தா செப்டம்பர், அக்டோபரிலேயே ஏஜென்ட் கைக்குப் போய்விட வேண்டும். பொருள் வராமல் எப்படிப் பணம் கொடுத்தீர்கள் என்பது தணிக்கையின் இரண்டாவது நிரந்தரக் கேள்வி.

என் மேசைக்குப் பக்கத்தில் கார்டெக்ஸ் இருந்தது. சாம்பல் நிற இரும்புப் பெட்டி. இழுத்தால் தட்டையான தட்டுகள் வெளியே வரும். ஒவ்வொரு தட்டிலும் அட்டைகள் ஓட்டுக் கூரை போல ஒன்றின்மேல் ஒன்று படிந்து, அடி விளிம்பில் இதழின் பெயர் மட்டும் தெரியும்படி இருக்கும். அட்டையைத் தூக்கினால் பன்னிரண்டு கட்டங்கள். இதழ் வந்ததும் அந்த மாதக் கட்டத்தில் தேதி எழுதுவேன். விளிம்பில் நகரும் சிவப்புப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று உண்டு. வர வேண்டியது வராவிட்டால் அதை அந்த மாதத்துக்கு நேராகத் தள்ளி வைப்பேன். தட்டை இழுத்தவுடனே எத்தனை சிவப்பு என்பது தெரிந்துவிடும். எங்கள் பெட்டியில் எப்போதும் சிவப்புக்குப் பஞ்சமில்லை.

வராத இதழைக் கேட்டு வாங்குவது ஒரு தனிக் கலை. குறிப்பிட்ட காலத்துக்குள், பல பதிப்பகங்களில் மூன்று மாதத்துக்குள், கேட்டு எழுதினால்தான் இலவசமாக மறுபிரதி தருவார்கள். கப்பல் தபால் இங்கே வந்து சேரவே அவ்வளவு காலம் ஆகும். ஆகவே இதழ் வழியில் இருக்கும்போதே ‘வரவில்லை’ என்று எழுதிவிடுவோம். சில சமயம் இரண்டு பிரதி வரும். பல சமயம் ஒன்றும் வராது. இருப்புத் தீர்ந்துவிட்டது என்று அழகான தாளில் பதில் மட்டும் வரும். வருஷக் கடைசியில் பைண்டிங்குக்கு அனுப்பும்போது, ஏழாம் எண் இல்லை என்று ஒரு சீட்டை உள்ளே ஒட்டிக் கட்டி வைப்போம்.

பிறகு 1991 வந்தது. ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையாகக் குறைத்தார்கள். ஜூனில் 21 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டாலர் ஜூலையிலேயே 26 ரூபாயை நெருங்கியது. 1993இல் 31ஐத் தாண்டிவிட்டது. பதிப்பகங்கள் டாலரிலும் பவுண்டிலும் வருஷா வருஷம் ஏற்றும் விலை தனி. எங்கள் மானியம் மட்டும் பழைய ரூபாயிலேயே நின்றது. 1992ஆம் ஆண்டுச் சந்தாவுக்குப் பட்டியல் போட உட்கார்ந்தபோது, பழைய இதழ்கள் அத்தனையையும் வாங்க முடியாது என்பது முதல் பக்கத்துக் கூட்டலிலேயே தெரிந்தது.

துறைத்தலைவர்கள் கூட்டம் போட்டார்கள். பட்டியலின் தலையில் ‘கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’. உலகத்து வேதியியல் கட்டுரைகளுக்கெல்லாம் சுருக்கம் தரும் அந்த வெளியீட்டின் ஒரு வருஷச் சந்தா, சில துறைகளின் மொத்த இதழ்ச் செலவையும் மிஞ்சியது. அதை நிறுத்தலாமா என்று இயற்பியல்காரர் கேட்டதும், “அதை நிறுத்தினா எங்க துறையையே மூடிட்டுப் போயிரலாம் சார்” என்று வேதியியல்காரர் எழுந்துவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வரலாறு, மொழியியல், தத்துவம் ஆகிய துறைகளிலிருந்து அன்றைக்கு யாரும் வரவில்லை, அல்லது வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். மேலிடம் கேட்ட கேள்வியோ, “எத்தனை டைட்டில் குறைச்சீங்க?” எவ்வளவு ரூபாய் குறைந்தது என்று கேட்டிருந்தால் கதை வேறு. எண்ணிக்கை காட்ட வேண்டுமென்றால் மலிவான இதழ்களை வெட்டுவதுதான் சுலபம். நீளமான வெட்டுப் பட்டியலில் பெரும்பகுதி கலைப்புலத் துறைகளுடையது. மிச்சமான பணம் சொற்பம். அடுத்த இரண்டு மூன்று வருஷங்களில் விலை கூடிய அறிவியல் இதழ்களும் ஒவ்வொன்றாகப் போயின. எந்தத் துறையின் குரல் பெரியதோ அதன் இதழ் ஒரு வருஷம் கூடுதலாக வாழ்ந்தது.

பைண்டு செய்த தொகுதிகள் இருக்கும் தளத்துக்கு இப்போது போனாலும் பார்க்கலாம். பச்சை, மெரூன் துணி முதுகுகளில் பொன் எழுத்தில் ஆண்டு எண்கள் ஓடி வரும். அலமாரி அலமாரியாக அவை 1991இல் முடியும், அல்லது 1993இல். அங்கே நின்று பொருளாதாரப் பாடமே நடத்தலாம்.

ஆய்வு மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. யார் பெங்களூருக்குக் கிளம்பினாலும் கையில் ஒரு பட்டியல் திணிக்கப்படும். ராத்திரி பஸ்ஸில் போய், இந்திய அறிவியல் கழக நூலகத்தில் பகல் முழுக்கத் தேடி, ஜெராக்ஸ் கட்டோடு அடுத்த ராத்திரி பஸ் ஏறுவார்கள். இன்னொரு வழி அஞ்சல் அட்டை. பிலடெல்பியாவிலிருந்து வாராவாரம் வந்த ‘கரன்ட் கன்டென்ட்ஸ்’ என்ற சிறிய இதழில் நூற்றுக்கணக்கான ஆய்விதழ்களின் பொருளடக்கமும், எழுதியவர்களின் முகவரியும் இருக்கும். உங்கள் கட்டுரையின் ஒரு படி அனுப்ப முடியுமா என்று அச்சடித்த அட்டையில் தலைப்பை மட்டும் நிரப்பி அனுப்புவார்கள். ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் உறைகள் வரும். இதழுக்குச் சந்தா கட்ட முடியாத ஊருக்கு, கட்டுரையை எழுதியவரே தபால் செலவு போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். தபால்தலைகளை அட்டெண்டர் அண்ணன் தன் மகனுக்காகத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துக்கொள்வார்.

2003 டிசம்பரில் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் யூ.ஜி.சி.-இன்ஃபோநெட் மின்னிதழ்த் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். குஜராத்திலிருந்து இன்ஃப்லிப்நெட் மையம் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்குமாகச் சேர்த்துப் பேரம் பேசியது. எங்கள் கம்ப்யூட்டர் அறையில் முதல் தடவை ஒரு வேதியியல் கட்டுரை திரையில் முழுசாகத் திறந்தபோது, 1991 கூட்டத்தில் எழுந்து நின்ற அதே பேராசிரியர், “இதுக்குப் பணம் கட்டணுமா மேடம்?” என்று மறுபடி மறுபடி கேட்டார். வளாகத்தின் ஐ.பி. முகவரிக்குள் உட்கார்ந்தால்தான் திறக்கும். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. ஆனாலும் அந்த அறையில் கூட்டம் குறையவே இல்லை. இருபது வருஷமாக எங்களால் வாங்கித் தர முடியாததை ஒரே மாதத்தில் கொடுத்துவிட்டார்கள். இதை நான் மனசாரச் சொல்கிறேன். பழைய காலமே பொற்காலம் என்கிற கட்சியில் நான் இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசத்தை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. 1978இல் பணம் கட்டிய இதழ், பணம் கட்டுவதை நிறுத்திய பிறகும் எங்கள் அலமாரியில் இருந்தது. திரையில் வந்த இதழுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் பழைய ஆண்டுகள் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. ஒரு பதிப்பகம் பட்டியலிலிருந்து போய்விட்டால், நேற்று திறந்த பக்கம் இன்று கதவைச் சாத்தும். மாணவர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். என் கையில் கார்டெக்ஸும் இல்லை, கடிதம் எழுத முகவரியும் இல்லை. திரையில்தான் வருகிறதே என்று அச்சிதழ்களை நிறுத்தினோம். பைண்டர் வருவது நின்றது. 2014 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஸ்வெட்ஸ் என்கிற நூற்றாண்டு கண்ட சந்தா ஏஜென்சி திவாலானபோது, பல நாட்டு நூலகங்கள் முன்பணம் கட்டிவிட்டுக் கையைப் பிசைந்தன. எங்கள் தணிக்கைக்காரரின் இரண்டாவது கேள்வி அவ்வளவு முட்டாள்தனமானது இல்லை என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

இப்போது ‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்திருக்கிறது. 2024 நவம்பர் 25இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள். 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள். எங்கள் காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் கிறுக்கு என்றிருப்பார்கள். ஒரு சின்ன ஊர் அரசுக் கல்லூரி மாணவிக்கு, 1985இல் எங்கள் மூத்த பேராசிரியருக்கு எட்டாதது எட்டுகிறது. இதனால் ஒவ்வொரு நூலகத்திலும் மிச்சமாகும் இதழ்ப் பணம் புத்தகத்துக்கும் தமிழ் வெளியீடுகளுக்கும் திரும்ப வேண்டும் என்பது என் ஆசை. திரும்புமா என்பது நிதிப் பிரிவைப் பொறுத்தது.

என் இடத்துக்கு வந்த பெண் அவ்வப்போது போன் செய்வாள். 1992க்கும் 2003க்கும் நடுவே எங்கள் இதழ் வரிசையில் உள்ள ஓட்டையை அடைக்க முயல்கிறாள். பல பதிப்பகங்கள் பழைய ஆண்டுகளைத் தனி விலைக்குத்தான் விற்கின்றன என்பதால், தேவைப்படும் சிலவற்றை மட்டும் வாங்க நோட் போட்டிருக்கிறாள். ஃபைல் ஒரு கேள்வியோடு திரும்பியிருக்கிறது.

“என்ன எழுதியிருக்காங்க?” என்றேன்.

“‘எல்லாம்தான் ஆன்லைனில் இலவசமாக வருகிறதே, இது எதற்கு?’ன்னு கேட்டிருக்காங்க மேடம். எப்படிப் பதில் போடட்டும்?”

டைட்டில் வாரியாக, எந்த வருஷம் நம்மிடம் இருக்கிறது, எந்த வருஷம் திரையில் திறக்கிறது என்று இரண்டு பத்தியில் ஒரு பட்டியல் போட்டு இணைக்கச் சொன்னேன். மார்ச்சுக்கு முன்னால் அனுப்பிவிடு என்றும் சொன்னேன்.